கேமராவுக்கு ஒரு வேலை: டர்பனில் தொண்டுக்காக விளையாட்டுப் படம் எடுக்கத் தொடங்குவோருக்கு

டர்பனில் கேமராவோடு கிளம்புகிறவருக்கு விளையாட்டுக்குப் பஞ்சமே கிடையாது. சனிக்கிழமை காலையில் கடற்கரை நடைபாதையில் ஓட்டம், மதியம் சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் கால்பந்து, கோடையில் கிரிக்கெட், அலை எழும்பினால் அலைச்சறுக்கு. ஆனால் ஓரிரு வருடம் இப்படி எடுத்தவர்களில் பலர் சலித்துப்போய் நின்றுவிடுகிறார்கள். ஹார்ட் டிஸ்க் நிறையப் படம் இருக்கும், பார்க்க ஆள் இருக்காது. அடுத்து என்ன என்று தெரியாமல் இன்னும் விலை கூடிய லென்ஸ் வாங்குவார்கள். இந்தச் சலிப்பு லென்ஸால் தீராது. நாம் எடுக்கும் படம் யாருக்காவது தேவைப்பட வேண்டும்.

தேவைப்படுகிறவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். சக்கர நாற்காலிக் கூடைப்பந்துக் குழு, பார்வையற்றோர் கிரிக்கெட் அணி, டவுன்ஷிப் எனப்படும் ஏழைக் குடியிருப்புகளின் பிள்ளைகளுக்கு மாலையில் கால்பந்து சொல்லிக்கொடுக்கும் சங்கம், முதியோர் இல்லத்துக்கு நிதி திரட்டக் கோயில் கமிட்டி நடத்தும் நடைப்பயணம். நன்கொடை கேட்கவும் ஆண்டறிக்கை போடவும் இவர்களுக்கு நல்ல படம் வேண்டும். புகைப்படக்காரருக்குக் கொடுக்கப் பணம் இருக்காது. அந்த இடத்தில்தான் உங்கள் கேமராவுக்கு வேலை இருக்கிறது.

விளையாட்டுப் படம் என்ன செய்யும் என்பதற்கு இந்த ஊரிலேயே ஒரு சான்று உண்டு. 1963-இல், நிறவெறி ஆட்சிக் காலத்தில், டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓப்பன் கோல்ஃப் போட்டியை பாப்வா சேகோலம் வென்றார். இந்தியர் என்பதால் கிளப் கட்டடத்துக்குள் அவரை விடவில்லை. வெளியே மழையில் நிற்கவைத்துக் கோப்பையைக் கொடுத்தார்கள். அந்தப் படம் பல நாட்டுப் பத்திரிகைகளில் வந்தது. தென்னாப்பிரிக்க விளையாட்டுக்கு எதிரான உலகப் புறக்கணிப்பு வலுப்பட அதுவும் ஒரு காரணம். அதில் அடி இல்லை, பந்து இல்லை, மைதானமும் இல்லை. கோப்பையை எப்படிக் கொடுத்தார்கள் என்பது மட்டும் இருந்தது. தொண்டுக்காகப் படம் எடுக்க வருகிறவர் மனதில் வைக்க வேண்டிய முதல் பாடமாக இதைச் சொல்வேன்: ஆட்டத்தைச் சுற்றி நடப்பதையும் பாருங்கள்.

முதலில் பார்க்ரனில் கை பழகுங்கள்

பார்க்ரன் என்பது வாரந்தோறும் நடக்கும் 5 கிலோமீட்டர் ஓட்டம். கட்டணம் இல்லை. காம்ரேட்ஸ் மாரத்தானை ஒன்பது முறை வென்ற புரூஸ் ஃபோர்டைஸ் 2011-இல் ஜோகன்னஸ்பர்க்கின் டெல்டா பார்க்கில் இதை இந்நாட்டில் தொடங்கி வைத்தார். டர்பனில் நார்த் பீச் உட்படப் பல இடங்களில் நடக்கிறது. எல்லா வேலையையும் தன்னார்வலர்களே பார்க்கிறார்கள். புகைப்படக்காரர் என்பதும் அதில் ஒரு பொறுப்பு. முன்கூட்டியே பெயர் கொடுத்தால் உங்களுக்கும் ஒரு சனிக்கிழமை கிடைக்கும்.

பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை. ஒரே இடத்தில் நின்றால் நூற்றுக்கணக்கானோர் உங்களை நோக்கி ஓடி வருவார்கள், தப்பியது அடுத்தவரிடம் கிடைத்துவிடும். ஷட்டர் வேகம் 1/800-க்குக் குறைய வேண்டாம். தொடர் ஃபோகஸ் முறையில் வையுங்கள். கேனான் கேமராவில் அதற்கு ஏஐ சர்வோ என்றும், நிக்கான், சோனி இரண்டிலும் ஏஎஃப்-சி என்றும் பெயர். முழங்காலிட்டு, வருகிறவரின் இடுப்பு உயரத்துக்குக் கேமராவை இறக்கினால் ஓட்டக்காரர் நிமிர்ந்து தெரிவார், பின்னால் நிறுத்தியிருக்கும் கார்களும் மறையும்.

வெளிச்சம்தான் டர்பனில் சிக்கல். கிழக்கே கடல், சூரியன் நேராக அங்கிருந்து எழுகிறது. டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும். எட்டு மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று அடிக்கும், கண்ணுக்குக் கீழே கரு நிழல் விழும். கடல் பின்னணியில் வந்தால் கேமரா அந்தப் பளபளப்பை வைத்துக் கணக்குப் போட்டு முகத்தை இருட்டாக்கிவிடும். கறுப்பு, மாநிற முகங்கள் அப்படியே காணாமல் போகும். எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை கூட்டுங்கள். வானம் வெளுத்தால் வெளுக்கட்டும், முகம் தெரிய வேண்டும். இந்த ஊரில் எடுக்கிறவருக்கு இது கட்டாயம் கைவர வேண்டிய பழக்கம்.

அப்புறம், கடைசியாக வருகிறவர் வரும்வரை நில்லுங்கள். பலர் முதல் இருபது பேரை எடுத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார்கள். முதலில் வருகிறவரிடம் ஏற்கெனவே படம் நிறைய இருக்கும். பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசியில் நடந்து வரும் பாட்டியிடம் ஒன்றும் இருக்காது.

எந்த அமைப்பு, எப்படிப் போய்க் கேட்பது

கை ஓரளவு பழகிய பிறகு ஒரு அமைப்பைத் தேடுங்கள். ஒன்று போதும். ஐந்து இடத்துக்குத் தலைக்கு ஒரு முறை போவதைவிட ஒரே இடத்துக்கு வருடம் முழுக்கப் போவது மேல். பிள்ளைகளுக்கு உங்கள் முகம் பழகினால்தான் கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டாமல் விளையாடுவார்கள்.

அமைப்பு உண்மையானதா என்று பார்க்க வழி இருக்கிறது. 1997-ஆம் ஆண்டின் சட்டப்படி சமூக மேம்பாட்டுத் துறையில் பதிவு செய்த அமைப்புக்கு ஒரு பதிவு எண் இருக்கும், அதைக் கேளுங்கள். வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவில் அங்கீகாரம் பெற்றிருந்தால் நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகைக்கான ரசீது கொடுக்க முடியும். நீங்கள் கொடுக்கும் உழைப்புக்கு அந்தச் சலுகை கிடையாது, எனவே அதை எதிர்பார்க்க வேண்டாம். சின்னச் சங்கங்கள் பலவற்றில் பதிவு இருக்காது. அதனால் மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். போய்ப் பாருங்கள், பயிற்சி நடக்கிறதா, பிள்ளைகள் வருகிறார்களா, பெற்றோர் என்ன சொல்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

முதல் முறை கேமரா இல்லாமல் போங்கள். தலைவரிடம் பேசுவதைவிடச் செயலாளரிடமோ பயிற்சியாளரிடமோ பேசுவது பயன்படும். "நான் படம் எடுத்துத் தரட்டுமா?" என்று கேட்டால் யாரும் சரி என்றுதான் சொல்வார்கள். "உங்களிடம் எந்தப் படம் இல்லை?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு சங்கத்தின் செயலாளர் அம்மா எனக்குச் சொன்ன பதில் இது: "போட்டோ நெறைய இருக்குப்பா. எல்லாத்துலயும் செக் குடுக்குறவங்கதான் நிக்கிறாங்க. புள்ளைங்க வெளையாடுற மாதிரி ஒண்ணுகூட இல்ல." அந்த ஒரு பதிலில் எனக்கு ஒரு வருடத்துக்கான வேலை கிடைத்தது.

அனுமதி: இதை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள்

போப்பியா என்று எல்லாரும் சொல்லும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. அடையாளம் தெரியும் முகமும் தனிநபர் தகவல்தான். வீட்டு ஆல்பத்துக்காக எடுப்பதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஒரு அமைப்பு நிதி திரட்டுவதற்காக வெளியிடும்போது பொருந்தும். 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை என்றால் பெற்றோரோ காப்பாளரோ சம்மதிக்க வேண்டும். பிள்ளை தலையாட்டியது போதாது.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். அமைப்பே ஒரு பக்கச் சம்மதப் படிவம் தயாரித்து, பருவத் தொடக்கத்தில் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளட்டும். படம் எங்கெல்லாம் வரும் என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும். அறிக்கையிலா, ஃபேஸ்புக்கிலா, செய்தித்தாளிலா? தமிழோ ஆங்கிலமோ ஸூலுவோ, வீட்டில் படிக்கிற மொழியில் இருக்கட்டும். சம்மதம் தராதவர் பிள்ளைக்குக் கையில் ஒரு வண்ணப் பட்டை கட்டச் சொன்னால், எடுக்கும்போதே உங்களுக்குத் தெரிந்துவிடும். பெயர், பள்ளிச் சீருடை, பயிற்சி நடக்கும் இடமும் நேரமும் எல்லாம் ஒரே பதிவில் சேர்ந்து வரக் கூடாது. பாதுகாப்பு இல்லங்களில் இருக்கும் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். சிலரைத் தேடிக்கொண்டு வரக்கூடியவர்கள் இருக்கலாம். அந்த இல்லம் வேண்டாம் என்றால் காரணம் கேட்காதீர்கள்.

பெரியவர்களிடம் நேரே கேளுங்கள். படம் பிடிக்கவில்லை, அழித்துவிடு என்றால் அவர் கண்முன்னாலேயே அழித்துவிடுங்கள்.

பதிப்புரிமை பற்றியும் ஒரு வார்த்தை. இந்நாட்டில் 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை பணம் கொடுத்தவருக்குப் போகும். நீங்கள் இலவசமாக எடுத்தால் உரிமை உங்களிடமே இருக்கும். அமைப்பு தன் பணிக்கு எப்போதும் பயன்படுத்தலாம், வேறு கம்பெனிக்குக் கொடுக்கக் கூடாது என்று இரண்டு வரியில் ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டால் பிற்பாடு மனத்தாங்கல் வராது.

கருவி

இருப்பது போதும். பழைய கேமரா ஒன்றும் 55-250 அல்லது 70-300 லென்ஸும் பகல் ஆட்டத்துக்குத் தாராளம். உள்ளரங்கு என்றால் 85 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் பாருங்கள். இரண்டு பேட்டரி, இரண்டு மெமரி கார்டு. ஏசி காரிலிருந்து இறங்கியதும் டர்பன் புழுக்கத்தில் லென்ஸ் மேல் பனி படியும். பையைத் திறக்காமல் கால் மணி நேரம் வெளியே வைத்துவிட்டு அப்புறம் எடுங்கள். காரில் எதையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். தெரியாத பகுதிக்குப் போகும்போது பயிற்சியாளரோடு போய் அவரோடே திரும்புங்கள்.

ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளுங்கள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். மாற்றுத்திறனாளர் விளையாட்டுகளைப் பலர் "மனத்தைத் தொடும் காட்சி" என்று மட்டும் பார்க்கிறார்கள். விதி தெரியாமல் எடுக்கிறவருக்கு ஆட்டம் தெரியாது. ஆட்டம் தெரியாவிட்டால் பரிதாபம்தான் படத்தில் மிஞ்சும்.

பார்வையற்றோர் கிரிக்கெட்டை எடுத்துக்கொள்வோம். முதல் உலகக் கோப்பை 1998-இல் டெல்லியில் நடந்தது. இறுதியில் பாகிஸ்தானைத் தோற்கடித்து வென்றது தென்னாப்பிரிக்கா. பந்து பிளாஸ்டிக், உள்ளே உருளைகள் கிடந்து கலகலக்கும். பந்துவீச்சாளர் "ரெடி?" என்று கேட்பார், மட்டையாளர் "யெஸ்" என்பார், "ப்ளே" என்று சொல்லிக் கைக்குக் கீழாகப் பந்து வரும். முழுப் பார்வையற்றவர் எடுக்கும் ஒவ்வொரு ஓட்டமும் இரண்டாகக் கணக்கிடப்படும். பந்து தாழ்ந்து வருவதால் பெரும்பாலும் முழங்காலிட்டு ஸ்வீப் அடிப்பார்கள். ஆக, நீங்கள் தரையோடு தரையாகப் படுத்தால்தான் முகமும் மட்டையும் சேர்ந்து கிடைக்கும். ஷட்டர் வேகம் 1/1250. "ப்ளே" என்ற சொல் கேட்டதிலிருந்து பந்து அடிபடும்வரை வாயைத் திறக்கக் கூடாது, கேமரா சடசடவென்று சத்தம் போடவும் கூடாது. ஆட்டக்காரருக்குக் காதுதான் கண்.

பார்வையற்றோர் பந்தை உருட்டி எதிரணிக்குக் கோல் போடும் கோல்பாலில் இது இன்னும் கறார். இரு பக்கமும் மும்மூன்று பேர், எல்லோர் கண்ணும் கட்டியிருக்கும், பந்துக்குள் மணி. கோல் விழும்வரை பார்வையாளர்கள் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்பார்கள். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டால் அங்கே வேறு தொல்லை வரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அரங்க விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும், வேகமான ஷட்டரில் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். 1/100-இல் கோடு போய்விடும், ஆனால் அசைவு கலங்கும். இதற்கு நான் சொல்லும் வழி: பந்து வரும்போது அமைதி ஷட்டரில் 1/100 வைத்து, அசையாமல் காதைத் தீட்டிக்கொண்டு தரையில் குந்தியிருக்கும் தடுப்பாட்டக்காரரின் முகத்தை எடுங்கள். கோல் விழுந்து சத்தம் எழுந்ததும் சாதாரண ஷட்டருக்கு மாறி, 1/500-க்கு மேல் வேகம் வைத்துக் கொண்டாட்டத்தை எடுங்கள். பாய்ந்து விழும் படம் பலரிடம் இருக்கிறது. உன்னிப்பாகக் கேட்கும் அந்த முகம்தான் அபூர்வம், ஆட்டத்தின் உயிரும் அதில்தான் இருக்கிறது.

சக்கர நாற்காலிக் கூடைப்பந்துக்கு எல்லைக்கோட்டுக்குப் பின்னால், தள்ளியே, தரையில் உட்காருங்கள். நாற்காலிகள் வேகமாக வந்து மோதும். நின்றுகொண்டு மேலிருந்து எடுத்தால் ஆட்டக்காரர் குட்டையாகத் தெரிவார். அவர் கண் மட்டத்திலிருந்து எடுத்தால் மல்லுக்கு நிற்பது தெரியும். நாற்காலியோடு ஒருவர் விழுந்தால் பதறி ஓடாதீர்கள், அவர்களே எழுந்துகொள்வார்கள். அப்படி எழுந்துகொள்வதை எடுக்கலாம். விழுந்து கிடப்பதை மட்டும் தனியாக வெளியிட வேண்டாம்.

சில அமைப்புகள் பரிதாபமான படமே கேட்கும். சோகமாக இருந்தால்தான் பணம் வரும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு. மரியாதையாக மறுத்துவிடுங்கள். ஆட்டத்தில் மூழ்கியிருக்கும் ஒரு பிள்ளையின் படத்தைக் கொடுத்து, "இதைப் போட்டுப் பாருங்கள் அக்கா" என்று சொல்லுங்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து ஒரு நாள் இந்தப் படத்தைப் பார்க்கும். அன்றைக்கு அதற்குக் கூச்சம் வரக் கூடாது. என்னைப் பொறுத்தவரை இதற்கு மேல் ஒரு அளவுகோல் தேவையில்லை.

பெரிய போட்டிகள்

பழகிய பிறகு, உங்கள் அமைப்போடு சேர்ந்தே பெரிய போட்டிகளுக்குப் போகலாம். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே நடக்கும் காம்ரேட்ஸ், முதல் உலகப் போரில் இறந்த வீரர்களின் நினைவாக 1921-இல் தொடங்கியது. சுமார் 90 கிலோமீட்டர், 12 மணி நேரக் கெடு. பலர் ஏதாவது ஒரு தொண்டு அமைப்புக்கு நிதி திரட்டி ஓடுவார்கள். நீங்கள் எடுக்க வேண்டியது அவர்களைத்தான். யார், என்ன எண், எந்த நிறச் சட்டை என்று பட்டியல் வாங்கிக்கொள்ளுங்கள். விடிவதற்குள் சாலைகளை மூடிவிடுவார்கள், அதற்கு முன்பே போய் இடம் பிடிக்க வேண்டும். இஞ்சாங்காவில் எத்தெம்பெனி பள்ளி இருக்கிறது. உடல் ஊனமும் பார்வைக் குறையும் உள்ள பிள்ளைகள் படிக்கும் இடம். பந்தய நாளில் பிள்ளைகள் சாலையோரம் வரிசையாகக் கைநீட்டி நிற்பார்கள், ஓடுகிறவர்கள் களைப்பை மறந்து கையைத் தட்டிவிட்டுப் போவார்கள். அங்கே எடுக்க விரும்பினால் பல வாரம் முன்பே பள்ளியிடம் அனுமதி கேளுங்கள்.

பிப்ரவரியில் ஹோவிக் அருகே மிட்மார் அணையில் நடக்கும் மிட்மார் மைல் நீச்சலில், எட்டு முறை அந்த மைலை நீந்தி நிதி சேர்க்கும் குழு ஒன்று உண்டு. கரையேறும்போது அவர்கள் கால் தள்ளாடும், அந்த இடத்தில் நில்லுங்கள். பிற்பகலில் இடி மழை வரும், கேமராவுக்கு மழையுறை வேண்டும். இம்மாதிரிப் போட்டிகளில் படம் விற்கும் உரிமை அநேகமாக ஒரு கம்பெனியிடம் இருக்கும். நீங்கள் விற்காதீர்கள், அமைப்புக்குக் கொடுங்கள்.

படம் உரியவர் கைக்குப் போய்ச் சேரட்டும்

எடுத்தது பாதி வேலைதான். இரண்டு நாளுக்குள் கொடுங்கள். அறுநூறு படத்தை அப்படியே கொட்டினால் செயலாளர் திறந்துகூடப் பார்க்க மாட்டார். முப்பது தேர்ந்தெடுங்கள். வென்றவர், தோற்றவர், பயிற்சியாளர், தண்ணீர் கொடுத்த தன்னார்வலர், பின்னால் கோடு போட்டவர் என்று எல்லாரும் அதில் வரட்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் நசுங்கும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். பெற்றோர்களுக்கு டேட்டா செலவு பாரம், அவர்களுக்குச் சின்ன அளவில் தனியாக அனுப்பலாம். இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் தகவலை நீக்கிவிடுங்கள்.

பெயர்களை நீங்களாக எழுதாதீர்கள், அவரவரையே எழுதித் தரச் சொல்லுங்கள். கோவெண்டர், பிள்ளே, மூட்லி, நாயுடு என்று நம் குடும்பங்களின் பெயர்களை ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு விதமாக எழுதுவார்கள். ஸூலுப் பெயரைத் தப்பாக எழுதினாலும் அந்த வீட்டுக்கு அவமரியாதைதான்.

அப்புறம் பிரிண்ட். செலவு அதிகம் இல்லை. பருவ முடிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பிரிண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில வீடுகளில் பள்ளிப் படத்தைத் தவிர அந்தப் பிள்ளைக்கு வேறு படமே இருக்காது. நன்கொடையாளருக்குப் போகும் அறிக்கையைவிட இந்தப் பிரிண்ட்தான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். பட்ஜெட் இல்லை என்று அமைப்பு சொன்னால், கோயில் கமிட்டியிடமோ தெருமுனைக் கடைக்காரரிடமோ கேளுங்கள். இப்படிப்பட்ட சின்ன உதவிக்கு நம் ஆட்கள் இல்லை என்று சொல்வதில்லை.

ஆட்டம் இல்லாத நாளில்

மழை வந்து ஆட்டம் நின்றுபோன வாரங்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். நிறவெறி ஆட்சிக் காலத்தில் டர்பனின் கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் நடந்த இனபேதமற்ற கால்பந்தில் ஆடியவர்கள் இன்று தாத்தாக்கள். அந்த அணிகளின் படங்கள் அவர்கள் வீட்டு ஆல்பங்களில் பழுப்பேறிக்கொண்டிருக்கின்றன. நேரே போய்க் கேளுங்கள். ஜன்னல் ஓரமாக மேஜை போட்டு, கேமராவை நேர் மேலே ஸ்டாண்டில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் ஒவ்வொன்றையும் படியெடுக்கலாம். படத்தின் பின்பக்கத்தையும் கட்டாயம் எடுங்கள், தேதியும் பெயரும் அங்கேதான் எழுதியிருக்கும். எடுக்கும்போதே வரிசையில் நிற்பவர் யார் யார் என்று தாத்தாவைச் சொல்லச் சொல்லி ஃபோனில் பதிவு செய்துகொள்ளுங்கள். அசலை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், படியை ஒரு பென் டிரைவில் போட்டு அந்த வீட்டுக்கும் கொடுங்கள். குடும்பம் சம்மதித்தால் இன்னொரு படியை க்வாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்துக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். இந்தியத் தென்னாப்பிரிக்கர்களின் வரலாற்றைச் சேகரித்து வைக்கும் இடம் அது.